அழுகையைச் சபைக்கு விடுங்கள்

கூத்தும் நடனமும் ஊமமும் பழக வரும் வன்னிப் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

வன்னியில் துயரத்தை ஆடப் பழகுகிற பிள்ளைக்கு வேறு ஊர்ப் பிள்ளைக்கு இல்லாத ஒரு சிரமம் உண்டு. சபையில் இருப்பவர்களுக்கு அந்தத் துயரம் ஆடுகிறவரைவிட நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் கடற்கோள் வந்தபோது முல்லைத்தீவுக் கரையில் நின்றவர்கள் முன்வரிசைக் கதிரையில் இருக்கிறார்கள். போர் முடிந்த 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து உடுத்த துணியோடு வந்தவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளை அவர்கள் முன்னால் ஏறி, திடீரென்று வந்து விழும் சாவுச் செய்தி ஒன்றை வசனம் இல்லாமல் ஆடிக் காட்ட வேண்டும். தமிழ்த்தினப் போட்டிக்காக இருக்கலாம், நாடகமும் அரங்கியலும் பாடத்தின் செய்முறைக்காக இருக்கலாம், மே 18 நினைவு நாளுக்காக இருக்கலாம். எதற்கானாலும் சபை அதே சபைதான்.

கூத்துக் களரியிலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த சிலவற்றை எண் போட்டு எழுதுகிறேன். இதே ஒழுங்கில் பழக வேண்டும் என்றில்லை. ஒன்பதாவதை மட்டும் ஒருவரும் தாண்டிப் போக வேண்டாம், முக்கியமாகப் பிள்ளைகளைப் பழக்குகிற ஆசிரியர்மார்.

1. துயரத்தில் தொடங்காதீர்கள், வேலையில் தொடங்குங்கள்.

மேடைக்கு வரும்போதே தலையைக் குனிந்து, நெற்றியைச் சுருக்கி, நடையைத் தளர்த்தி வருகிறீர்கள். பிறகு செய்தி வந்து என்ன செய்வது? திடீர்த் துயரம் என்றால் அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை சாதாரண நாள் ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். கிடுகு பின்னுங்கள். சுளகில் நெல் புடையுங்கள். துலாவில் தண்ணீர் அள்ளுங்கள். கிழிந்த வலையைப் பொத்துங்கள். ஒன்றே ஒன்றை எடுத்து, அதை உண்மையாகச் செய்யப் பழகுங்கள். கிடுகு பின்னத் தெரியாத பிள்ளை ஊமத்தில் கிடுகு பின்னினால் வன்னிச் சபை அரை நிமிடத்தில் பிடித்துவிடும். அம்மம்மாவிடம் போய் நாலு கிடுகு பின்னிவிட்டு வாருங்கள். நனைந்த ஓலையின் பாரம் கையில் தெரிய வேண்டும். எந்த ஓலை மேலே, எந்த ஓலை கீழே என்று விரலே யோசிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு செய்தி வரட்டும். வரும்போது கையில் ஓர் ஓலை பாதி மடிந்து இருக்கும். அந்த ஓலையைக் கிடுகு பின்னுகிறவள் என்ன செய்கிறாள் என்பதுதான் உங்கள் நடிப்பு முழுவதும். பெரும்பாலான பிள்ளைகள் எறிகிறார்கள். நிஜத்தில் அப்படி எறிகிறவர்கள் குறைவு. செய்தியைக் கேட்ட பிறகும் அடுப்பை அணைத்து, கோழிக்கூட்டை மூடி, படலையைச் சாத்திவிட்டு வெளிக்கிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். மனதுக்கு எட்டாத செய்தி கைக்கு இன்னும் எட்டவில்லை. கை தன் வேலையை முடிக்கப் பார்க்கிறது. அதை ஆடுங்கள்.

சிலப்பதிகாரம் பாடிய இளங்கோ அடிகள் இதை அறிந்தவர். மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்ணில் நீர் வடிகிறது. தீக்குறி என்று கண்டும் அந்தச் சேரிப் பெண்கள் உட்கார்ந்து புலம்பவில்லை. குரவை ஆடுகிறார்கள். கோவலன் செத்த செய்தி அந்த ஆட்டத்துக்குப் பின்னால் வருகிறது. ஆட்டம் இல்லாமல் இருந்திருந்தால் செய்தியின் பாரம் பாதிதான்.

2. முதலில் நில்லுங்கள்.

பரதம் படிக்கிறவர்கள் சாத்துவிக பாவம் எட்டையும் பாடமாக்கி வைத்திருப்பீர்கள். உறைந்து நிற்றல், வியர்த்தல், மயிர் கூச்செறிதல், குரல் உடைதல், நடுங்கல், நிறம் மாறல், கண்ணீர், மயங்கி விழுதல். பரத முனிவர் இதை நேர ஒழுங்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் கவனியுங்கள்: உறைதல் முதலாவது, கண்ணீர் ஏழாவது. எங்கள் போட்டி மேடைகளில் பிள்ளைகள் ஏழாவதில் தொடங்கி எட்டாவதில் விழுந்துவிடுகிறார்கள். முந்திய ஆறையும் யாரும் காண்பதில்லை.

நிற்பது என்றால் நாடக வகுப்பில் செய்கிற உறைநிலை அல்ல. அங்கே மூச்சையும் பிடித்துச் சிலையாகிறீர்கள். துயரத்தில் உறைகிறவருக்கு மூச்சு ஓடும், சிலவேளை முன்னைவிட வேகமாக ஓடும். உடம்பு முழுவதும் நின்ற பிறகும் எங்கோ ஓரிடம், பெருவிரலோ குதிக்காலோ, பழைய வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கும். அந்த ஓரிடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். எவ்வளவு நேரம் நிற்பது என்று எல்லோரும் கேட்பார்கள். போதும் என்று உங்களுக்குத் தோன்றிய பிறகு இன்னும் இரண்டு மூச்சு. சபை அந்தரப்படும். படட்டும்.

3. செய்தி கொண்டு வருகிறவரையும் ஒரு பாத்திரமாக ஆடுங்கள்.

சாவைச் சொல்ல வருகிறவருக்கு யாரும் ஆட்டம் அமைப்பதில்லை. ஓடி வந்து, கையை விரித்து, தலையில் அடித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார். சிலப்பதிகாரத்தில் துன்பமாலையை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். ஊரில் எழுந்த ஆரவாரம் கேட்டு ஒருத்தி விரைந்து வருகிறாள். வந்தவள் வாய் திறக்காமல் நிற்கிறாள். அவள் நிற்பதைக் கண்டுதான் கண்ணகி கேட்கத் தொடங்குகிறாள், ஒன்றன்பின் ஒன்றாக. ஆயிரக்கணக்கான அடிகள் எழுதிய புலவர் இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பேச்சில்லாமல் நிறுத்திவைத்தார். ஊமம் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் தமிழில் எனக்குத் தெரியாது.

இரண்டு பேராகப் பழகுங்கள். ஒருவர் வேலை செய்கிறார். மற்றவர் தூரத்தில் வந்து நிற்கிறார், கிட்ட வர முடியவில்லை. வேலை செய்கிறவர் நிமிர்ந்து சிரிக்கிறார், "வா" என்று கையால் கூப்பிடுகிறார், தண்ணீர்ச் செம்பை நீட்டுகிறார். வந்தவர் செம்பை வாங்கவில்லை. அவ்வளவுதான், செய்தி சொல்லப்பட்டுவிட்டது.

4. கையில் ஒரு பொருள் போதும்.

பாண்டியன் சபைக்குப் போன கண்ணகியின் கோலம் எப்படி? உடம்பில் புழுதி, அவிழ்ந்த கூந்தல், கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு. வழக்குரை காதையின் முடிவில் வரும் வெண்பா ஒன்று, அந்தக் கோலத்தைக் கண்டபோதே அரசன் தோற்றுவிட்டான் என்கிறது. அவள் பேசியது பிறகு. வழக்கின் முதல் பாதியை வென்றது காட்சி.

ஒற்றை என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிலம்பு நகை, ஒன்று சாட்சி. ஒற்றைச் செருப்பு, ஒற்றைத் தோடு, இரண்டு கோப்பையில் ஊற்றிய தேத்தண்ணியில் குடிபடாத ஒரு கோப்பை. ஆனால் இப்படி மூன்று பொருளை ஒரே ஆட்டத்தில் அடுக்கினால் அது கடை. ஒன்றை எடுங்கள், அதை மூன்று இடத்தில் பயன்படுத்துங்கள்: செய்திக்கு முன், செய்தி வரும்போது, செய்திக்குப் பின். பொருள் மாறாது. அதைப் பிடிக்கிற கை மாறும்.

5. எந்த அழுகை என்று முடிவெடுங்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை நான்கு காரணத்தால் வரும் என்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருவது, இழந்ததால் வருவது, முந்திய நிலை கெட்டதால் வருவது, இல்லாமையால் வருவது. மேடையில் எல்லா அழுகையும் ஒரே அழுகையாகிப் போவதற்குக் காரணம் இதைப் பிரித்துப் பார்க்காததுதான்.

உடம்பில் பிரித்துப் பாருங்கள். இளிவு தோளை உள்ளே மடக்கும். இழவு கையைத் தேட வைக்கும், இருந்த இடத்தைத் தடவும், வெறும் கையோடு திரும்பும். அசைவில் கால் தடுமாறும், தன் ஊர் நிலமே புதிதாகத் தெரியும். வறுமை வயிற்றில் இருக்கும். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், சனத்தோடு சனமாகக் கூடாரத்துக்குள் இருந்து, போன பிள்ளைக்கு ஒரு விளக்கும் வைக்க முடியாமல், சோற்றுக்கு வரிசையில் நின்றவளுக்கு நாலும் ஒன்றாக வந்தன. அந்த நாலையும் ஒரே ஆட்டத்தில் ஆட அனுபவசாலிக்கே கடினம். நீங்கள் இழவோடு தொடங்குங்கள்.

6. முகத்தை நம்பி இருக்காதீர்கள்.

வட்டக்களரியில் ஆடியவர்களுக்கு முன்பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. சுற்றிவரச் சனம். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் முதுகுக்கும் சேர்த்துத்தான் பழக்கினார். இப்போது எல்லோரும் படச்சட்ட மேடைக்குப் பழகி, கண்ணையும் புருவத்தையும் மட்டும் வேலை வாங்குகிறீர்கள். விளையாட்டு மைதானத்தில் போட்ட மேடையில் பின்வரிசைக்கு உங்கள் புருவம் தெரியாது. தோள்பட்டை தெரியும், முழங்கால் தெரியும், நடையின் பாரம் தெரியும்.

அமெரிக்கப் பெண் மார்த்தா கிரகாம் 1930 இல் நியூயோர்க்கில் ஆடிய 'புலம்பல்' என்ற தனியாட்டத்தின் பழைய ஒளிப்பதிவு கிடைத்தால் பாருங்கள். சில நிமிடம்தான். ஒரு வாங்கில் இருந்தபடி, இழுபடுகிற துணியால் செய்த குழாய்ச் சட்டை ஒன்றுக்குள் உடம்பை வைத்துக்கொண்டு ஆடுகிறார். முகமும் கையும் பாதமும் மட்டும் வெளியே. உள்ளே முழங்கையும் முழங்காலும் இழுக்கிற இழுவையில் துணியில் கோடுகள் விழுகின்றன, துயரம் அந்தக் கோடுகளில் தெரிகிறது. கண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. அந்த ஆட்டம் முடிந்து ஒருத்தி தன்னைத் தேடி வந்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தன் கண்முன்னே மகனை வாகனம் மோதிச் சாகக் கண்டவள், அதுவரை அழ முடியாமல் இருந்தவள், அன்று அழுதாளாம். மேடையில் இருந்தவர் அழவில்லை என்பதை மறவாதீர்கள். அழுதால் சபைக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

வீட்டில் ஒரு பயிற்சி: முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு முழு ஆட்டத்தையும் ஆடுங்கள். பார்க்கிற தங்கச்சிக்குக் கதை விளங்கினால் துவாயை எடுக்கலாம்.

7. மத்தளம் நிற்கிற இடம்தான் உங்கள் வசனம்.

நிற்பது கேட்க வேண்டும் என்றால் முதலில் ஓட வேண்டும். வேலைக் காட்சிக்கு ஒரு தாளத்தை வைத்துச் சபையின் காதை அதற்குப் பழக்குங்கள், காலால் தட்டுகிற அளவுக்கு. செய்தி வரும்போது தீர்மானம் வைத்து முடிக்காதீர்கள், அடியின் நடுவில் அறுத்துவிடுங்கள். அந்த மௌனத்துக்குள் கீபோர்ட்டில் சோக வயலின் நுழையக் கூடாது. சாவு என்றவுடன் முகாரி, அதுவும் போதாதென்றால் சுபபந்துவராளி என்று ஓடுகிற பழக்கத்தையும் விடுங்கள். நல்ல இராகங்கள்தான், ஆனால் என்ன உணர வேண்டும் என்று சபைக்குக் கட்டளை போடுகின்றன.

மௌனத்துக்குப் பிறகு பறை வேண்டுமானால், வாசிக்கிறவரைக் கூப்பிடுங்கள். செத்தவீட்டுப் பறைக்குத் தனி அடி உண்டு, அதை அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பறையை இரவல் வாங்கிக்கொண்டு வாசிக்கிறவரை வெளியே விடுகிற வழக்கம் எங்கள் கலைவிழாக்களுக்குப் பெருமை அல்ல. கூலி கொடுங்கள், நிகழ்ச்சி நிரலில் பெயரைப் போடுங்கள், பிள்ளைகளுக்கு முன்னால் ஐயா என்று கூப்பிடுங்கள்.

8. நீலச் சீலையை ஆட்டாதீர்கள். செல் சத்தம் போடாதீர்கள்.

கடற்கோள் என்றால் இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று நீலச் சீலையை ஆட்டுவது, போர் என்றால் ஒலிபெருக்கியில் கிபிர் விமானச் சத்தமும் செல் சத்தமும். முதலாவது அலுத்துப்போனது, இரண்டாவது கொடுமை. அந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிப் பழகிய உடம்புகள் சபையில் இருக்கின்றன. அவர்களுடைய நெஞ்சை அடிக்க வைப்பது கலை அல்ல. மினுங்கி மினுங்கி எரிகிற வெளிச்சமும் வேண்டாம். வானத்தைப் பார்க்கிற ஒரு பிள்ளையின் கழுத்து, வெளியே போன மற்றவர்களை எண்ணுகிற அவளுடைய விரல், இவை போதும். என்ன வந்தது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

9. சொந்தச் சாவைக் கேட்காதீர்கள்.

இது பழக்குகிறவர்களுக்கு. "அப்பாவை நினைச்சுக்கொண்டு ஆடு பிள்ளை, அப்பத்தான் கண்ணீர் வரும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ரஷ்ய நெறியாளர் ஸ்தனிஸ்லவ்ஸ்கியின் உணர்வு ஞாபகம் என்று பாடப் புத்தகத்தில் படித்ததை வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அவரே பிற்காலத்தில் உள்ளத்தைத் தோண்டுவதைக் குறைத்து, உடலின் செயலில் இருந்து உணர்வுக்குப் போகிற வழியைத்தான் தேடினார். அப்பாவை, அண்ணனை, சின்னம்மாவைப் பறிகொடுத்த வீடுகளில் இருந்து வருகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஒரு போட்டியின் முதலாம் இடத்துக்காக அந்தப் பிள்ளையின் புண்ணைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை.

எங்கள் கூத்து இதை ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணகிக்கு ஆடிய ஆண்பிள்ளையிடம் அண்ணாவியார் அவனுடைய வீட்டுத் துயரத்தைக் கேட்கவில்லை. தாளத்தைக் கொடுத்தார், மிதியைக் கொடுத்தார், எங்கே திரும்புவது, எங்கே இருப்பது என்று காட்டினார். துயரம் அந்த மிதிக்குள் ஏற்கெனவே இருந்தது. நீங்களும் வெளியில் இருந்து உள்ளே போங்கள்: மூச்சை எங்கே பிடிப்பது, பாரத்தை எந்தக் காலில் வைப்பது, கை எவ்வளவு தூரம் நீள்வது. இவற்றைச் சரியாகச் செய்த பிள்ளை தன்னைக் காயப்படுத்தாமல் சபையை அழவைக்கும்.

அப்படியும் ஒத்திகையில் ஒரு பிள்ளை உண்மையாகவே உடைந்துவிடலாம். உடனே நிறுத்துங்கள். "நல்லா வருது, அப்படியே செய்" என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுங்கள், கூட்டம் கூட விடாதீர்கள், வேறு வேலை கொடுங்கள். தொடர்ந்தால் பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரிடம் சொல்லுங்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதிய 'மனவடு' நூலை நாடகம் பழக்குகிற ஒவ்வொருவரும் வாசித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

10. செத்தவீட்டுக்குப் போங்கள். போனைச் சட்டைப்பைக்குள் வையுங்கள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் தோளில் கட்டிப்பிடித்து வட்டமாக இருந்து அழுவதைப் பாருங்கள். புதிதாக ஒருத்தி படலைக்குள் வரும்போது அந்த வட்டம் எப்படித் திறக்கிறது, அவளை எப்படி உள்ளே எடுக்கிறது, அடங்கியிருந்த ஒப்பாரி எப்படி மறுபடி எழும்புகிறது என்று பாருங்கள். அதைவிட நல்ல கூட்ட அசைவை எந்த நடன ஆசிரியரும் அமைத்ததில்லை. தனியொருவர் நெஞ்சில் அடித்து அழுவதை மட்டுமே மேடையில் காண்கிறோம். துயரம் இங்கே எப்போதும் கூட்டமாகத்தான் சுமக்கப்பட்டது. 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' நாடகம் யாழ் குடாநாட்டுச் சனத்தைப் பிடித்துக்கொண்டதற்கு, மேடையில் ஒரு கதாநாயகன் அல்ல, ஒரு சனக்கூட்டம் நின்றது பெரிய காரணம்.

ஆண்களையும் பாருங்கள். ஆண்கள் அழுவதில்லை என்று சொல்வார்கள். கொட்டில் போடுகிறார்கள், கதிரை இறக்குகிறார்கள், வாழை வெட்டுகிறார்கள், பாடை கட்டுகிறார்கள், ஒரே கயிற்றை இரண்டு தரம் அவிழ்த்து இரண்டு தரம் கட்டுகிறார்கள். அந்தக் கயிற்றில் ஒரு முழு ஆட்டம் இருக்கிறது. இன்னும் ஒருவரும் ஆடவில்லை.

பார்த்ததை அப்படியே மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. அந்த வீட்டுக்காரர் சபையில் இருந்தால் அவருடைய தாயின் கை அசைவை உங்கள் கையில் காண்பார். கிராமம் சின்னது. இரண்டு மூன்று வீடுகளில் கண்டதைக் கலந்து, ஆள் தெரியாமல் ஆக்குங்கள்.

11. காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்துக்கு மாலை போடாதீர்கள்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் போராட உட்கார்ந்தார்கள். அடுத்த சில நாட்களில் வவுனியாவில், மார்ச்சில் முல்லைத்தீவில். கையில் ஒரு படம், சட்டம் போட்டது அல்லது பொலித்தீன் உறையில் இட்டது. அந்தப் படத்தை அவர்கள் நெஞ்சுக்கு நேரே, முகம் வெளியே தெரியப் பிடிக்கிறார்கள். மாலை கிடையாது. மாலை போட்டால் செத்துவிட்டார் என்று ஆகிவிடும், அதை ஏற்காமல் இருப்பதுதான் அவர்களுடைய போராட்டம். இது தெரியாமல், நினைவு நிகழ்ச்சியில் பிள்ளைகள் படத்தோடு ஆடி வந்து கடைசியில் மாலை போட்டு விளக்கும் ஏற்றிவிடுகிறார்கள். சபையில் ஒரு தாய் எழுந்து போவார். எழுந்து போகாதவர் அதைவிட மோசமாகக் காயப்பட்டிருப்பார்.

செய்தியே வராத துயரத்தை ஆடுவது வேறு கலை. அதில் உறைதல் இல்லை, விழுதல் இல்லை, முடிவும் இல்லை. படலைச் சத்தத்துக்கு ஒவ்வொரு தரமும் தலை திரும்புகிறது. தொடக்கக்காரர் இதைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

12. ஒலிவாங்கியில் விளக்கம் சொல்ல ஆளை வைக்காதீர்கள்.

விளக்கம் வேண்டியிருந்தால் ஆட்டம் சரியில்லை. தலைப்பை மட்டும் அறிவிக்கச் சொல்லுங்கள்.

13. முடிவில் சூரியன் உதிக்க வேண்டாம்.

புறாவும் வேண்டாம், சிறுமி ஏந்தி வரும் மெழுகுதிரியும் வேண்டாம். துயரத்தைத் திறந்துவிட்டு, கடைசி அரை நிமிடத்தில் நம்பிக்கை ஒன்றை ஒட்டி அனுப்புவது சபையை ஏமாற்றுகிற வேலை. அதற்காக எரிகிற நெருப்போடு ஆட்களை வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி கோவில்களில் சடங்கு குளிர்த்தியோடு முடியும். மதுரையை எரித்து வந்தவளின் வெப்பத்தை ஆற்றிவிட்டே ஊர் கலையும். அவளுடைய துயரம் தீர்ந்தது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஆற்றுவதும் தீர்ப்பதும் ஒன்றல்ல.

மேடையில் ஆற்றுவது எப்படி என்றால், தாளத்தை மெல்லத் திரும்பக் கொண்டு வாருங்கள், முன்பு இருந்த வேகம் அல்ல. கூட்டம் செய்தி கேட்டவளுக்குப் பக்கத்தில் வந்து இருக்கட்டும். யாராவது ஒருத்தி அந்தக் கிடுகை எடுத்துப் பின்னத் தொடங்கலாம், அல்லது ஒருவரும் தொடாமல் விடலாம். இரண்டும் சரி. ஆட்டம் முடிந்த பிறகு ஆடின பிள்ளைகளையும் ஆற்ற வேண்டும். முகம் கழுவ வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், தேத்தண்ணி குடிக்க வேண்டும், வேறு கதை கதைத்துச் சிரிக்க வேண்டும். மேடையால் இறங்கிய கையோடு பேருந்தில் ஏற்றி அனுப்புகிற பாடசாலைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

14. கோவலன் கூத்தைப் பார்க்காமல் மேடை ஏறாதீர்கள்.

யூடியூப்பில் நாடுநாடாகப் பார்க்கிறீர்கள், நல்லது. ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்திலேயே முல்லைமோடியில் கோவலன் கூத்து இருக்கிறது. திடீரென்று கணவனைப் பறிகொடுத்த ஒருத்தியைத் தெய்வமாக்கி, நந்திக்கடலின் ஓரத்தில் வற்றாப்பளையில் இருத்தி, கடல் நீரில் விளக்கெரித்து, வைகாசியில் பொங்கல் பொங்கி, அவளுடைய கதையை இரவிரவாக ஆடிய ஊர் இது. போர் முடிந்த இடமும் அதே நந்திக்கடல்தான், மாதமும் ஏறக்குறைய அதே மாதம்தான். எங்கள் பிள்ளைகள் துயரத்தை ஆடுகிற முறையை வேறெங்கும் இரவல் வாங்கத் தேவையில்லை என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

முள்ளியவளையில் விசாரித்தால் கூத்து எப்போது, எங்கே போடுகிறார்கள் என்று சொல்வார்கள். செய்தி வருகிற இடத்தில் மத்தளகாரரின் கையைப் பாருங்கள். முடிந்த பிறகு அண்ணாவியாரிடம் போய், அந்த ஒரு மிதியை மட்டும் பழக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க மாட்டார். ஏடு பாடமாக உள்ள அண்ணாவிமார் பலருக்கு வயது எழுபதுக்கு மேல். வருகிற வைகாசிக்கே போங்கள்.